ஐந்து மில்லிமீட்டர்

என் தங்கை துணி ஆலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் துணி பார்த்தவள். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் துணி நகர்ந்துகொண்டே இருக்கும். அறுந்த இழை, முடிச்சு, எண்ணெய்க் கறை எதுவும் அவளுக்குத் தப்பாது. "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டே பொறந்தவ" என்பார் மேற்பார்வையாளர். அப்படித் தேறிய துணியும் சாயம் ஏறியபின் கோடு காட்டித் திரும்பி வந்ததுண்டு. வருடத்துக்கு நாலைந்து என்றாள்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்கேனுக்கெல்லாம் நான்தான் உடன் போவேன். ஏழாவது ஸ்கேனின் முடிவு மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை 9.40க்குக் கிடைத்தது. இடது நுரையீரலில் ஐந்து மில்லிமீட்டர் புள்ளி.

"திரும்பி வந்துடுச்சா டாக்டர்?"

"கதிர்வீச்சுத் தழும்பா இருக்கலாம், நோயாவும் இருக்கலாம். இந்த அளவுல படத்துல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும். ஊசியில எடுத்துப் பாக்கவும் ரொம்பச் சின்னது. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்மா."

"எங்க மில்லுல சந்தேகம்னா கிழிச்சே பாத்துடுவோம்."

"நல்லவேளை, நான் உங்க மில்லுல சேரல" என்று டாக்டர் சிரித்தார். அடுத்த தேதி ஜூன் 10.

வெளிநாட்டில் இருக்கும் அவள் மகளுக்கு அப்போது எட்டாவது மாதம். "எப்பம்மா வர்ற?" என்று தினமும் போன். "டாக்டர் வாயால இல்லைன்னு ஒரு வார்த்தை வரட்டும்டி" என்று இவள் நாளைக் கடத்தினாள். கட்டிலடியில் பெட்டி பாதி நிரம்பிக் கிடந்தது. குழந்தைச் சட்டைகளை எடுப்பாள், மடிப்பாள், திரும்ப வைப்பாள்.

"போன இடத்துல நான் படுத்துட்டா? அவ பிள்ளையப் பாப்பாளா, என்னப் பாப்பாளா?"

"அப்ப இங்கேயே இரு. ஜூன்ல தெரிஞ்சிடும்" என்றேன்.

"ஜூன்லயும் இன்னும் மூணு மாசம்னு சொன்னா? அண்ணா, பழுது தெரியலைன்னுதான் நாங்க சீட்டுல எழுதுவோம். பழுது இல்லைன்னு ஒருநாளும் எழுதினதில்ல."

ஏப்ரல் 2 அன்று விமானம் ஏறினாள். ஜூன் 8க்குத் திரும்பும் டிக்கெட்டும் எடுத்திருந்தோம். ஏப்ரல் 19 பேத்தி பிறந்தாள்.

ஜூன் 3 மாலை போன் வந்தது.

"அண்ணா, அந்தத் தேதியக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்றியா? குட்டி நேத்துத்தான் என் முகத்தப் பாத்துச் சிரிச்சா."

"வயித்துல வாயுவா இருக்கும்."

"போண்ணா! வாயுவுக்கும் சிரிப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

மருத்துவமனையில் கேட்டேன். ஜூன் 19 கொடுத்தார்கள். அதற்குமேல் ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளிடம் அப்படியே சொன்னேன்.

"ஒன்பது நாள்தானா?" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டது. நானும் போனை வைக்கவில்லை.