எங்கள் ஊர்ப் பசாம்

போன சனிக்கிழமை மகள் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு பழைய பிரெஞ்சுப் படம் போட்டாள். லண்டன் ஹரோவில் சனிக்கிழமை என்றால், பிள்ளையைத் தமிழ் வகுப்பில் இறக்கி ஏற்றுவதோடு தகப்பன்மாரின் கடமை முடிந்துவிடும். நான் சோபாவில் சாய்ந்து கிடந்தேன். படத்தில் ஒரு குடியானவக் கிராமம். காணாமல்போன ஒருவன் பல வருடங்கள் கழித்துத் திரும்பி வருகிறான். பெண்சாதி ஏற்றுக்கொள்கிறாள். பிறகு, இவன் அவனில்லை என்று வழக்கு. மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா, ஷீ நோஸ், ரைட்?" என்றாள்.

"தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டுக்கொண்டு எழும்பிவிட்டேன்.

சங்கடமான கேள்விக்குத் தேநீரைக் காட்டித் தப்புகிற இந்தப் பழக்கம் எனக்கு ஜெசிந்தா அக்காவிடமிருந்து வந்தது. இங்கே வந்த புதிதில் தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய வீட்டு மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். பெற்றோல் ஷெட்டில் வேலை. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் கையில் பெற்றோல் மணக்கும். அக்காவும் மன்னாரில் எங்கள் ஊர்தான். கணவர் சவிரிமுத்துவை ஆமிச் சுற்றிவளைப்பில் கொண்டுபோய் எட்டு வருடம் ஆகியிருந்தது. அக்காவை இங்கே எடுப்பித்தது சவிரிமுத்துவின் தமையன், ரெய்னர்ஸ் லேனில் இருந்த பிரான்சிஸ் அண்ணை. தம்பி செத்துவிட்டான் என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் தம்பியின் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார். வருடம் முழுக்கக் கோயிலுக்குப் போகிற அக்கா அந்தப் பூசைக்கு மட்டும் போகமாட்டார்.

அப்படியிருக்க ஒரு நாள், நான்தான் சவிரிமுத்து என்று ஒருவர் வந்து நின்றார். நாலைந்து நாடு சுற்றி, யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட்டில் வந்தவர். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நானே இருபத்திரண்டு வயதில், முப்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தனாகத்தான் ஹீத்ரோவில் இறங்கினேன். பாடமாக்கிய இரண்டு பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. என் சொந்த மகளின் தேதியில்தான் அடிக்கடி தடுமாறுகிறேன்.

அக்கா "ஓம், இவர்தான்" என்றார். அது மட்டும் குடிவரவு அலுவலகத்துக்குப் போதாது. தமையன் இல்லையென்று எழுதிக் கொடுத்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பிரான்சிஸ் அண்ணை லண்டனுக்கு வந்தபோது தம்பிக்குப் பதினைந்து வயது. நானோ பத்து வயதிலேயே யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போனவன். முகத்தை வைத்து எங்கள் இருவராலும் ஒன்றும் சொல்ல ஏலாது. ஒருநாள் சமையலறையில் துணிந்து கேட்டேன்.

"அக்கா, இது அவர்தானே?"

"தேத்தண்ணி ஆறுது தம்பி. குடியும்."

கடைசியில் பிரான்சிஸ் அண்ணைதான் வழி கண்டுபிடித்தார். "எங்கட ஊரில பசாம் படிச்சவன் என்ர தம்பி. படிக்கட்டும், கேப்பம்." ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் யேசுவின் பாடுகளை இராகம் போட்டு அழுகுரலில் வாசிப்பதைத்தான் பசாம் என்போம். சொற்கள் எல்லா ஊருக்கும் ஒன்று. இராகம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. எங்கள் ஊரில் வரியின் கடைசிச் சொல்லை மெல்லக் கீழே இறக்கி விடுவார்கள். சின்ன வயதில் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். முகம் மறந்தாலும் அது மறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், சிலுவைப்பாதை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் அந்தப் பரீட்சையை வைத்தார்கள். கூட்டத்தைக் கண்டு ஐரிஷ் சுவாமியாருக்குப் பரம சந்தோஷம், தமிழர்களுக்குப் பக்தி கூடிவிட்டதென்று. நான் ஷிப்ட் முடிந்து அப்படியே ஓடிவந்திருந்தேன். அந்த மனிதர் முழந்தாளிட்டுப் புத்தகத்தை விரித்தார். நல்ல குரல். முதல் வரியின் கடைசிச் சொல்லை மேலே தூக்கினார்.

அது எங்கள் ஊர் இல்லை. வேறெந்தக் கரையோ. இரண்டாம் வரியில் இன்னொரு குரல் சேர்ந்தது. ஜெசிந்தா அக்கா. எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவரும் கடைசிச் சொல்லை மேலே தூக்கினார்.

பிரான்சிஸ் அண்ணை என் கையைப் பிடித்தார். "கேட்டியெல்லே? இது எங்கட ராகமே?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. விரலால் வரியைத் தொட்டபடி படித்துக்கொண்டே இருந்தார்.

"ஓம் அண்ணை," என்றேன். "நீங்கள் இஞ்ச வந்தாப்பிறகு மாத்தினவை. இப்ப இப்பிடித்தான் படிக்கிறவை."

அவர் என் கையை விட்டார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார். பிறகு போய் அந்த மனிதருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, தோளில் கையைப் போட்டுக்கொண்டு, இடறி இடறி அந்த இராகத்தைப் படிக்கத் தொடங்கினார். அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

படத்தில் கடைசியில் உண்மையான ஆள் வந்துவிடுகிறான். எங்களிடம் யாரும் வரவில்லை. ஜெசிந்தா அக்காவுக்கும் அவருக்கும் இப்போது பேரப்பிள்ளைகள். எல்லோருக்கும் அவர் சவிரிமுத்து அண்ணைதான், எனக்கும்தான். பிரான்சிஸ் அண்ணை சாகும்வரை தபசு காலத்தில் பசாம் படித்தார், தம்பியின் இராகத்தில். போன வருடம் அவருடைய செத்தவீட்டிலும் அதே இராகத்தில்தான் படித்தார்கள்.

தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கொதித்து நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த நவம்பர்ப் பூசையும் என் பேச்சோடு நின்றுபோயிற்று. உயிரோடு இருக்கிறவனுக்கு யார் இறந்தவர் பூசை வைப்பார்கள்? எங்களோடு பிறந்து, எங்கள் பசாமைப் படித்து, எங்கோ செத்துப்போன சவிரிமுத்துவுக்காக இவ்வளவு காலமும் ஒருவரும் ஒரு வார்த்தை செபிக்கவில்லை. எங்கள் ஊர் இராகம் தெரிந்தவன் நானாவது ஒரு வரி படிப்போம் என்று, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வாயைத் திறந்தேன். கடைசிச் சொல் மேலேதான் போனது.