என் கணவர் சபையில் சொன்ன இரண்டு சாட்சிகள்

கர்த்தருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் என் தோத்திரம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கணவர் செல்லத்துரை பிழைக்கவில்லை. சுகம் கிடைத்த கதை என்று நினைத்து வாசிக்க வந்தவர்கள் ஏமாந்து போகக் கூடாது. ஆனாலும் என் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அந்தமானில், போர்ட் பிளேரில் அரசாங்க ஒர்க்‌ஷாப் ஒன்றில் வெல்டர். சுனாமிக்குப் பிறகு நிக்கோபார் தீவுகளிலிருந்து ஜனங்கள் கப்பல் கப்பலாக முகாம்களுக்கு வந்து இறங்கினார்கள். டியூட்டி முடிந்ததும் இவர் அங்கே போய்த் தகரக் கொட்டகைகளுக்குக் கம்பி ஒட்டிக்கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகாம் பிள்ளைகளுக்கு வேத வகுப்பு. அவருடைய இந்தியைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கும். நான் அங்கன்வாடி வேலைக்குக் காலையிலேயே போய்விடுவதால், எங்கள் இரண்டு பெண்களுக்கும் தலை பின்னி விடுவது அவர்தான். தீப்பொறி பட்டுத் தழும்பேறிய விரல்கள். ஆனால் என்னைவிட நன்றாகப் பின்னுவார்.

சுனாமி வந்து ஐந்தாம் வருஷம் அவருக்கு மேல்வயிற்றில் வலி தொடங்கியது. சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பெங்காலி டாக்டர் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்தார். மாத்திரை கொடுத்துவிட்டு, சென்னைக்குப் போகச் சொல்லி ரெஃபர் சீட்டு எழுதினார். "மெயின்லேண்ட் ஜாவோ. ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். கப்பல் டிக்கெட்டும் எடுத்துவிட்டோம்.

அன்றைக்கு நான் ஒரு பொருத்தனை பண்ணினேன். இவர் சுகமானால் சபை நடுவில் சாட்சி சொல்ல வைக்கிறேன் ஆண்டவரே என்று. மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தோம். நான்காம் நாள் வலி குறைந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் அவர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்ல, மேரி?" என்று கேட்டார்.

"பொருத்தனை பண்ணியாச்சுங்க. நாள் கடத்துனா கர்த்தர் கோவிச்சுக்கிடுவாரு. எந்திரிச்சுச் சொல்லுங்க."

சொன்னார். சபையே கை தட்டியது. மறுநாள் கப்பல் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினோம். அதன் பிறகு ஷாதிபூரில் ஒரு வீட்டு ஜெபம், மின்னி பேயில் ஒரு வீட்டு ஜெபம் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, வலி திரும்பியது. அவர் மறைத்தார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டுக்கொண்டார், பிறகு இன்னொன்று. சின்னவள் ஒருநாள் அக்கம்பக்கத்தில் பழகிய இந்தியிலேயே, "பப்பா, தர்த் ஹோ ரஹா ஹை?" என்று கேட்டுவிட்டாள். "நஹி பேட்டா, வலி எல்லாம் இல்ல" என்று சிரித்தார்.

நான் தனியாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "வலிக்குன்னு இப்போ சொன்னா, அன்னைக்குச் சொன்னது என்னது? கர்த்தர் பேருல பொய்யா?"

அப்போதே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. சுகமானவருடைய மனைவி என்ற பேர் எனக்கும் பிடித்திருந்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று கேட்பீர்கள். இருந்தேன்.

அவர் கன்னம் ஒட்டிப்போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சமையலறையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, சுகம் கேக்கல. அவரு வாயைத் தொறங்க" என்று மட்டும் ஜெபித்தேன். ஒன்பது நாள் அதே ஜெபம்.

பத்தாம் நாள் ஞாயிறு. ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி மனைவியோடு எங்கள் சபைக்கு வந்திருந்தார். அவருக்கும் வயிற்று வலி. அவர் பையிலும் ரெஃபர் சீட்டு. சுகம் பெற்றவர் கை வைத்து ஜெபிக்கட்டும் என்று பாஸ்டர் என் கணவரை முன்னால் அழைத்தார்.

"அண்ணே, நீங்க ஜெபிச்சாப் போதும். நானும் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுறேன்" என்றார் அந்தத் தம்பி.

என் கணவர் தூக்கிய கையை இறக்கினார். "கேன்சல் பண்ணாதப்பா. கப்பல் ஏறு. எனக்கு வலி போகல. நான் தப்பா சாட்சி சொல்லிட்டேன்."

சபையில் ஆளாளுக்குப் பேசினார்கள். விசுவாசக் குறைவு என்றார் பாஸ்டர். என் கணவர் எடுத்து வந்த வேத வகுப்பை அந்த வாரமே வேறொருவரிடம் கொடுத்தார்கள். "வீட்டுல என்ன பாவமோ" என்று ஒரு சகோதரி என் காதுபடவே சொன்னாள். சுனாமி முகாமில் இவர் ஒட்டிய கொட்டகையில் குடியிருந்தவள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் என் மடியில் தலை வைத்துப் படுத்தார். "வலிக்கு மேரி. ரொம்ப வலிக்கு." நான் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். என் ஜெபம் கேட்கப்பட்டது அந்த மத்தியானம்தான்.

அடுத்த கப்பலிலேயே போனோம். சென்னையில் டாக்டர் ரெஃபர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "இதை எழுதினப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிருக்கலாமேம்மா" என்றார். திரும்பி வந்துவிட்டோம். அதன் பிறகு மூன்று மாதம் இருந்தார். சபையிலிருந்து இரண்டு பேர் மட்டும் பார்க்க வந்தார்கள்.

ஆட்டோக்காரத் தம்பி ஆபரேஷன் முடிந்து பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். சில நாள் அந்தக் கையை உதறிவிடத் தோன்றும். என் ஜெபத்துக்கு வந்த பதிலை அவள் வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டீரே என்று கர்த்தரோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் பொய் இல்லை. பிள்ளைகள் கேட்டால் வலிக்கிறது என்பார். அவர்கள் வெந்நீர்ப் பை வைத்துவிடுவார்கள். உட்கார முடிந்த நாளில் தலை பின்னிவிட்டார். கடைசிவரை ஜெபித்தார், முனகிக்கொண்டேதான் ஜெபித்தார். அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

நீங்களும் அவரை நம்புங்கள். வலிக்கிறது என்று நாம் சொல்வதால் அவருக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. உங்கள் வீட்டில் ரெஃபர் சீட்டு இருந்தால் என்னிடம் வாருங்கள். புரோத்ராபூரில் வெல்டர் வீட்டு மேரி என்றால் யாரும் வழி காட்டுவார்கள். டிக்கெட் கவுன்டருக்கு நானே கூட வருகிறேன். வரிசையில் நின்றுகொண்டே ஜெபிப்போம்.