“நான்” என்று சொல்ல ஆள் இல்லாத கரை

அனுமதி வந்தது. வில்மா ஊஸ்டர்ஹாஃபைப் புதைத்து, அவள் மாடுகள் ஏலம் போய், வீடும் கைமாறிய பிறகு வந்தது. அந்தக் காகிதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆற்றுக்கு அந்தக் கரையில் பெரிய டெலிபோன் கம்பெனி. காது கேட்காதவர்கள் அங்கே போனோடு இணைத்த எழுத்துப் பொறியில் தட்டினால், நடுவில் ஓர் ஆள் அதை எதிராளிக்குப் படித்துச் சொல்வான். எதிராளி பேசுவதைத் தட்டித் திருப்பி அனுப்புவான். இந்தக் கரையில் நாங்கள். ஒன்டாரியோவில் மூன்றே ஊருக்குக் கம்பி இழுத்த குட்டிக் கம்பெனி. நான் கம்பம் ஏறுகிறவன். அந்தச் சேவையில் எங்களைச் சேர்க்க அரசாங்க மேலிடத்து அனுமதி வேண்டும். பெரியவனுக்கு முதலில் கொடுத்தார்கள். சின்னவன் காத்திருக்க வேண்டுமாம்.

வில்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தனியாளாக மாடு வளர்த்தாள். அவள் பேச்செல்லாம் கொட்டகைக் கதவில் சாக்கட்டியால்தான். நான் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

“மீசையை வெட்டுடா லாயிட். வைக்கோல் போருக்குள்ள எவனோ முனகுற மாதிரி இருக்கு” என்று எழுதுவாள்.

மானிடோபாவில் இருந்த தங்கை ரீகாவுடன் பேச அவளுக்கு நான்தான் வாய். அந்தக் கூத்தை என்ன சொல்ல!

“ரீகா, அக்கா கேக்குறாங்க, உனக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு.”

“அது கெடக்கு. அவ ஒழுங்காச் சாப்பிடுறாளா? இங்க பாரு லாயிட், அவகிட்ட சொல்லிடாத. வீட்டை வாங்க ஆள் பாத்து வெச்சிருக்கேன். எனக்கும் அதுல பாதி இருக்குல்ல?”

“வீட்டையா?” என்று என் வாய் கேட்டுவிட்டது. அந்த ஒரு சொல்லை மட்டும் மீசை மறைக்கவில்லை.

பக்கத்தில் நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த வில்மா ரிசீவரைப் பிடுங்கி வைத்தாள். கொட்டகைக்கு இழுத்துப் போய் எழுதினாள்: “என்னைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க. அக்கரை ஆளு ‘அவ’ன்னு சொல்ல மாட்டான். நான் தட்டுறதை ‘நான்’னுதான் சொல்லணும். அதான் அவனுக்கு விதி.”

எங்கள் மேனேஜர் ஆர்வில் அனுப்பிய விண்ணப்பம் ஏற்கெனவே ஒரு தடவை திரும்பியிருந்தது. ஒரே ஒருத்திக்காகவா என்று கேட்டிருந்தார்கள். மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை அறிவிப்பு ஒன்று வந்தது: பொதுமக்கள் கருத்தைத் தொலைபேசியில் மட்டும் தெரிவிக்கலாம்.

“யோவ் ஆர்வில், காது கேக்காதவளுக்குப் போன் வேணுமான்னு அவளே போன் பண்ணிச் சொல்லணுமா? எவன்யா இதை எழுதுனான்?”

“படிச்சவன்” என்றார். “என்மேல பாயாத. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.”

காகிதத்தை வில்மாவிடம் காட்டினேன். மாடுகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு இருமல்தான். பிறகு சட்டைக் கையால் கதவைத் துடைத்துவிட்டு எழுதினாள். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

“நீ கூப்பிடு. ஆனா உன் பேரு வரக் கூடாது. ‘அவங்க சொல்றாங்க’ன்னு ஒரு தடவை சொன்னாலும் உதை விழும். ‘நான் வில்மா. எனக்குக் காது கேட்காது. என் வீட்டைப் பத்தி என் தங்கச்சிகிட்ட நானே பேசணும்’னு சொல்லு. அதுக்கு முன்னாடி மீசையை எடு. சரியாச் சொல்றியான்னு நான் பாக்கணும்.”