சுட்டுப் பார்க்காத துவக்கு

நான் இடக்கைக்காரன். அம்மா அடித்து அடித்து வலக்கையால் சோறு தின்னப் பழக்கினா. ஆனால் வேட்டைத் துவக்கு என்றால் இடத்தோளுக்குத்தான் போகும். நான் குடிவந்த லாசாலில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் மான் வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிய பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு, லைசென்ஸும் இருந்தபடியால், என் கைக்கு அளவாக ஒரு துவக்குச் செய்விக்க ஆசைப்பட்டேன்.

லொங்குய்யில் துவக்குச் செய்யும் ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவர் என்னைக் குளிர் ஜாக்கெட்டோடு நிறுத்தித் தோளை அளந்தார். தானே சுட்டுப் பார்த்துத்தான் தருவாராம், ஒரு வருடம் செல்லுமாம். செயின்ட்-மிஷேலில் அதே தொழில் செய்யும் எங்கள் ஆள், ஒரு தமிழர், இருந்தார்.

"வெள்ளையளிட்ட ஏன் அண்ணை போறியள்? நான் மாரிக் குளிருக்கு முதல் செய்து தாறன்" என்றார்.

தமிழில் கதைத்ததே எனக்குப் போதுமாக இருந்தது. சுட்டுப் பார்த்தாரா என்று எங்கள் ஆளிடம் கேட்கக் கூச்சப்பட்டு, அவர் வீட்டில் தேத்தண்ணியும் குடித்துவிட்டுத் துவக்கை வாங்கி வந்தேன்.

பயிற்சித் திடலில் முதல் வெடிக்கே தோட்டாக் கோது பின்பக்கம் பிளந்து முகத்தில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தப்பியது, கன்னம் கிழிந்தது. கன்னத்தில் கட்டோடு எங்கள் ஆளிடம் போனேன்.

"சுட்டுப் பாக்க நேரம் கிடைக்கேல்லை அண்ணை. வெளியில கதைச்சுப் போடாதேங்கோ, எங்கட ஆக்களுக்குத்தானே மானக்கேடு."

"என்ர கண் போயிருந்தா ஆருக்கடா மானக்கேடு?" என்று கேட்டேன். கோயிலில் நடந்ததைச் சொன்னபோதும் பலர், "பாவம், விடுங்கோ அண்ணை" என்று அவருக்காகத்தான் கதைத்தார்கள்.

துவக்கு இப்போது லொங்குய் கிழவரிடம் திருத்தத்துக்கு இருக்கிறது. அவர் முதலில் சுடுவார், நான் பின்னால் நிற்பேன். துவக்குச் செய்ய ஆள் தேடி யார் வந்தாலும் கன்னத்தைத் திருப்பிக் காட்டி, இது எங்கள் ஆளின் கைவேலை என்று பெயரையும் சொல்லி எச்சரித்து அனுப்புகிறேன்.