படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தவள்

என் வீட்டுக்காரரின் கண் போனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மனின் அருளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என் தப்பை மறைத்தால் அவளுக்கே பிடிக்காது.

நான் பிறந்தது கிள்ளை. வாழ்க்கைப்பட்டது கடலூர் மஞ்சக்குப்பம். அவர் பல வருஷம் சரக்குக் கப்பலில் என்ஜினியராக இருந்தவர். கோயில் குளம் என்றால் காத தூரம் ஓடுவார். கடல் மட்டும் அலுக்கவே அலுக்காது. வேலையை விட்டதும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, என்னையும் எட்டு வயது மகள் மித்ராவையும் ஏற்றிக்கொண்டு இந்தோனேஷியத் தீவுகளைச் சுற்றக் கிளம்பிவிட்டார். "ஒரே வருஷம், சுத்திட்டு வந்துடலாம்" என்றார். நான் தில்லைக்காளி படம், குங்குமச் சிமிழ், இட்லிக் குண்டான் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

உள்ளே எங்கள் வீட்டுச் சமையலறை அளவுகூட இடம் இல்லை. சமையல், பாடம், சண்டை, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். அலை தூக்கிப் போட்டால் சாம்பார் ஒரு பக்கம் போகும், மித்ராவின் நோட்டு ஒரு பக்கம் போகும். இரண்டு மாதத்தில் அதுவும் பழகிவிட்டது.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை. ஆளில்லாத ஒரு தீவின் ஓரம் நங்கூரம் போட்டிருந்தோம். கரையெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிச்சாவரம் மாதிரியே சதுப்புக் காடு. அதில் தில்லை மரத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஊரில் ஆடி வெள்ளிக்கு வாசலில் வேப்பிலை செருகுவோம். அங்கே வேப்பிலைக்கு எங்கே போவது? காளியின் மரமே கிடைத்துவிட்டதே என்று விடிந்ததும் ரப்பர் படகில் போய் ஒரு கிளையை வெட்டி வந்து, படகுக்குள் இறங்கும் படிக்கு மேலே கட்டினேன். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பது கிள்ளைக்காரிக்குத் தெரியாததில்லை. கையில் பையைச் சுற்றிக்கொண்டுதான் வெட்டினேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் செய்வார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கி எழுந்து மேலே வந்தார். தலையில் இடிக்கிறதென்று கிளையை ஒடித்துக் கடலில் எறிந்தார். பால் தெறித்தது.

"கவிதா, கண்ணு எரியுது. என்னாடி கட்டி வச்ச?"

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை ஊற்றிக் கழுவினேன். அப்படியும் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. அவ்வளவு பெரிய மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு உருண்டார். போனில் சிக்னல் இல்லை. என்ஜின் முந்தின வாரமே படுத்துவிட்டது, மாற்ற வேண்டிய பாகம் கையில் இல்லை. ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் பாய் விரித்துப் போனால் ஒரு பகல் ஆகும். ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர் சொல்கிறபடி சுக்கானைப் பிடிக்கத்தான் தெரியும்.

அம்மன் படத்தைப் பார்த்துக் கத்தினேன். "ஒனக்குன்னுதான வெட்னேன், அவுரு கண்ண ஏன் எடுத்த? வா. வந்து நீயே கொண்டுபோய் சேரு." அதை வேண்டுதல் என்று சொல்லலாமா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கிளம்பினோம். அவர் கண்ணில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் படும் காற்றை வைத்துப் பாயை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீருக்கடியில் பாறை தெரிந்தால் சொல்லச் சொல்லி, மித்ராவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி முன்பக்கம் உட்காரவைத்தேன். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேர் எதிரே வந்தது. தண்ணீர் தகடு மாதிரி கண்ணைக் கூச வைத்தது. அப்போது மித்ரா முன்னாலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

"ஏன்டி வந்துட்ட? பாறை பாக்க சொன்னேன்ல?"

"அங்க எடம் இல்லம்மா."

பார்த்தேன். ஒரு கயிற்றுச் சுருள் கிடந்தது. வேறொன்றும் இல்லை. அவளைத் திட்ட வாயெடுப்பதற்குள் அவர் மெதுவாகக் கேட்டார்.

"கவிதா, முன்னாடி ஒக்காந்திருக்கறது யாரு?"

கண்ணில் கட்டிய துணி அப்படியே இருந்தது.

"யாரும் இல்லீங்க."

"வெள்ளப் பொடவ கட்டியிருக்காங்க. நல்லெண்ண வாசன வருது பாரு. கைய இடது பக்கம் நீட்றாங்க. திருப்பு."

திருப்பினேன். வலது பக்கம், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பழுப்பாக ஒரு பவளப்பாறை நழுவிப் போனது. அதன் பிறகும் இரண்டு முறை "கை நீட்றாங்க" என்றார். இரண்டு முறையும் திருப்பினேன். பொழுது சாய்வதற்குள் கரை சேர்ந்தோம்.

தில்லைக்காளிக்கு வெள்ளைப் புடவைதான் சாத்துவார்கள், நல்லெண்ணெய்க் காப்புதான் என்பது சிதம்பரம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அவர் அந்தச் சந்நிதியை மிதித்ததே இல்லை. என்னிடம் இருந்த படத்தில் முகம் மட்டும்தான்.

நாலு நாளில் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். "காணோம்" என்றார்.

படகை அங்கேயே விற்றுவிட்டு ஊர் திரும்பினோம். பார்வை இப்போது முழுசாக வந்துவிட்டது. முன்பெல்லாம் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவர், இன்று வெள்ளிக்கிழமை தவறாமல் சிதம்பரம் வருகிறார். முதல் நாள் சந்நிதியில் அந்த எண்ணெய் வாசனை பட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறார். "தொறந்து பாருங்களேன்" என்றால், "மூடுனாத்தான்டி தெரியுது" என்கிறார். சின்ன வயதிலிருந்து கும்பிடுகிற எனக்கு ஒரு தரம்கூடத் தெரிந்ததில்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

கடலூர் திரும்பும்போது அவர் கார் ஓட்டுவார். மித்ரா முன்சீட்டில் ஏறவே மாட்டாள். முதலில் அதட்டிப் பார்த்தேன். இப்போது நானும் அவளோடு பின்னால் ஏறிக்கொள்கிறேன்.

கஷ்டத்தில் இருப்பவர்கள் அம்மனைக் கூப்பிடுங்கள். அழுது கூப்பிட்டாலும் சரி, என்னைப் போலத் திட்டிக் கூப்பிட்டாலும் சரி, வருவாள். வந்துவிட்டால் இடம் விட்டு உட்காருங்கள்.