பலெர்மோவில் ஒரு பாடகியின் கடிதங்கள்

1997 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை. நேப்பிள்ஸில் முதல் நாள் மாலை ஏறிய கப்பல் காலை ஏழு மணிக்குச் சிசிலித் தீவின் பலெர்மோவை அடைந்தது. பாரிஸிலிருந்து வந்த என்னை அழைத்துப்போகச் சாந்தினி நின்றாள். யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்தவள்; அங்கே ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். இங்கே ஏழு வருடமாக, 'சின்யோரா' என்று அவள் அழைக்கும் வயதான இத்தாலியப் பெண்மணி ஒருவரின் வீட்டில் வேலை.

"கெதியா வாடி. மனிசி வீட்டைக் காலி பண்ணி, மகளோடை இருக்கக் கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவுக்குப் போகுது. கடிதங்களைக் குப்பைக்கெண்டு கட்டி வைச்சிட்டுது."

அவற்றைப் பார்த்து இந்தச் சஞ்சிகைக்கு எழுதத்தான் வந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலெர்மோவுக்குச் சங்கீதம் படிக்க வந்த கறுப்பு அமெரிக்கப் பெண் ஒருத்தி, ஊர் திரும்பியபின், ஆங்கிலம் தெரிந்த தன் ஆசிரியைக்கு அந்த மொழியிலேயே எழுதியவை. அந்த ஆசிரியை சின்யோராவின் முன்னோரில் ஒருவர். அலுமாரி துடைக்கும்போது சாந்தினி கண்டெடுத்திருந்தாள்.

துறைமுகத்திலிருந்து வீடு இருக்கும் பொலிதேயாமா பகுதிக்குப் பதினைந்து நிமிட நடை. மூன்றாம் மாடி. வீடெங்கும் பெட்டிகள். "இதை இனி யார் வாசிக்கப் போகிறார்கள்?" என்றார் சின்யோரா. சாந்தினி கட்டை அவிழ்த்து, நின்றபடியே வாசித்து இத்தாலியனில் சொல்லத் தொடங்கினாள்.

முதல் கடிதத்தில் அவள் பாடிய மண்டபம் நிறைந்திருந்தது, பத்திரிகைகள் புகழ்ந்திருந்தன. நான்காவதில், கறுப்பர்களை உள்ளே விடாத மண்டபத்தில் பாட மறுத்திருந்தாள். அதன்பின் அழைப்புகள் குறைந்தன.

"உனக்கு ஆங்கிலம் யார் சொல்லித் தந்தது?" என்று சின்யோரா இடைமறித்தார்.

பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படிப்பித்தேன் என்றாள் சாந்தினி.  சின்யோரா நாற்காலியிலிருந்த பெட்டியை இறக்கி வைத்து, அவளை உட்காரச் சொன்னார்.

கடைசிக் கடிதம் சிறியது. 'இப்போது துணி தைக்கிறேன். உங்கள் மாணவிகள் கேட்டால், இன்னும் பாடுகிறாள் என்றே சொல்லுங்கள்.' சாந்தினி அதை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு நிறுத்தினாள். சின்யோரா என்னவென்று கேட்டார்.

"சுகம் விசாரித்திருக்கிறாள்," என்றாள் இத்தாலியனில்.

சின்யோரா கடிதங்களைக் குப்பைக்குப் போகவிடாமல், மொண்டெல்லோவுக்குப் போகும் பெட்டியில் தன் கையாலேயே வைத்தார். அதற்குமுன் கீழே கடையில் பிரதி எடுத்துக்கொள்ள எங்களை விட்டார்.

கடை வாசலில் கேட்டேன்: "கடைசிக் கடிதத்தை ஏன் மறைச்சனி?"

"அந்தப் பிள்ளை சொல்லாதேங்கோ எண்டு கேட்டிருக்கு," என்றாள். பிரதிகளை அடுக்கி முடித்தபின், "நானும் கொழும்பிலை இருக்கிற அம்மாவுக்கு, இஞ்சை படிப்பிக்கிறன் எண்டுதான் எழுதிறனான்," என்றாள்.

இரவு எட்டு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. இந்தக் கட்டுரையில் பாடகியின் பெயரை நான் எழுதவில்லை. சாந்தினி என்பதும் மாற்றிய பெயர்தான். இந்தச் சஞ்சிகை கொழும்புக்கும் போகிறது.