வெத்துச் சூடு

கதை விடுகிறான் என்று தோன்றினால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பேய் பிசாசு என்றால் நானும் சிரிக்கிற ஆள்தான். ஆனால் இது பட்டப்பகலில், ஆஸ்பத்திரியில், என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. சோதனைக் கருவி மணியும் நிமிடமும் அச்சடித்த காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாமாவுக்கு நரம்புச் சோதனைப் பிரிவில் வேலை. தீராத வலி என்று வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, வலிக்கிற இடத்தில் ஒரு சின்ன உலோகத் தகட்டை வைப்பார். தகடு மெல்லச் சூடேறும். சுருக்கென்றதும் அவர்கள் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும், டிக் என்று கேட்கும். நடுவில் ஒன்றிரண்டு தடவை சூடே ஏற்றாமல் தகட்டைச் சும்மா வைப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் வெத்துச் சூடு. அதற்கும் அமுக்கினால் ஆள் ஊகத்தில் அமுக்குகிறார் என்று கணக்கு.

"வலியில இருக்கிறவங்க பயத்துலயே அமுக்குவாங்க. ஒண்ணு ரெண்டைக் கண்டுக்காதீங்க" என்று பெரிய டாக்டர் பலமுறை சொல்லியிருக்கிறார். மாமா காதில் ஏறாது. மனிதருக்கு உலகத்தில் எல்லோரும் நடிகர்கள். ஒரே ஒரு வெத்துக்கு அமுக்கினாலும் போதும், அறிக்கையில் 'நம்பத்தகாதவர்' என்று எழுதிவிடுவார். எழுதினால் அவர்களுக்கு வலி மருந்து நின்றுவிடும். சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்படித்தான் சலவைக்கடையில் துணி தேய்க்கிற ஓர் அம்மாவுக்கும் எழுதினார். வலது கை எரிச்சல். மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மதியம் 1.10-க்கு அந்த அம்மா திரும்ப வந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவுச் சத்தம் கேட்கவில்லை. மாமா நிமிர்ந்தபோது அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவை பாருங்க சார். மருந்து இல்லாம தூங்க முடியல."

"சீட்டு எங்கம்மா?"

அந்த அம்மா கையை மட்டும் நீட்டினார்.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று மாமாவுக்கு ஒரு குஷி. எட்டுத் தடவை வைப்பது, எட்டும் வெத்து. சத்தத்தை அணைத்துச் செல்போனை வழக்கம்போல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பக்கத்தில் போன் இருந்தால் கருவி தடுமாறும்.

முதலில் தோலின் வெப்பம் பார்த்தார். முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும். 21 காட்டியது. அறையின் வெப்பமும் 21.

கையை வெந்நீரில் வைக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் ஆயிற்று. கை அதே 21-ல் இருந்தது. தண்ணீர்தான் ஆறிப்போயிருந்தது.

மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

1.22. தகட்டை வைத்தார். டிக்...

1.25. டிக்...

அந்த அம்மாவின் முகத்தில் சுளிப்பு இல்லை. கண் இமைக்கவும் இல்லை.

1.29. இந்தத் தடவை தகடு தோலில் படவே இல்லை. விரற்கடை உயரத்தில் பிடித்திருந்தார்.

டிக்...

"வலிக்குதா?" என்றார் மாமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எனக்கு இல்ல சார்."

மாமா ஓரடி பின்னால் நகர்ந்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. வீம்பு.

1.33. டிக்...

1.36. டிக்...

1.40. டிக்...

1.44. டிக்...

1.48. அவர் தகட்டைக் கையிலேயே எடுக்கவில்லை.

டிக்...

நிமிர்ந்தார். நாற்காலி காலி.

வரவேற்பு மேசைக்கு ஓடினார். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"அவங்களா? இறந்து ஒம்பது நாளாச்சே சார். மக வந்து அழுதுட்டுப் போச்சு."

மாமா திரும்பி வந்து அலமாரியைத் திறந்தார். போனில் எடுக்காத அழைப்புகள் ஏழு. ஏழும் அக்கா. 1.22, 1.25, 1.29...

1.48-க்கு மட்டும் அழைப்பு இல்லை. அப்போது அவளால் போனைப் பிடிக்க முடியவில்லை.

மாமா போன் செய்ய, நான்தான் முதலில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா குழாயைத் திறந்துவிட்டு வலது கையை அதன் அடியில் வைத்திருந்தாள். தோலில் ஒரு சிவப்புகூட இல்லை. "எரியுதுடா" என்றாள். இரண்டு வருடமாகிறது, இன்னும் அதைத்தான் சொல்கிறாள். மூன்று ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டோம். நரம்பில் குறையே இல்லையாம். ஒரு டாக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப இடம் குடுக்காதீங்க" என்றாராம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். என் அக்கா யாருக்கு என்ன செய்தாள்?

மாமா 'நம்பத்தகாதவர்' என்று எழுதிய அறிக்கைகளையெல்லாம் தேடி எடுத்தார். நாற்பத்தொன்று. அவற்றைத் திருத்தி எழுதினால் வேலை போய்விடும் என்று இன்றுவரை ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. அந்த மனிதரை என்னவென்று திட்டுவது? ஞாயிறுதோறும் மிச்சமிருக்கிற நாற்பது பேருக்கும் போன் மட்டும் செய்கிறார். உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க.

போன ஞாயிறு ஒருவர் எடுக்கவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு வலி இடது பாதத்தில்.

நேற்று காலை 9.40. அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்த அக்கா சட்டென்று இடது காலைத் தூக்கினாள்.